வயிற்றில் கதவு வைத்த மிருகங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம் பறந்திருக்கிறது. கொடியில் காயப்போட்ட கணக்கப்பிள்ளை ஐயாவின் கால்சட்டை பறந்துபோய்த் தேயிலைச் செடிமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருஷம் அந்தக் காற்றோடு என் சித்தியும் வந்து இறங்கினாள்.

என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைக்கும். மிச்சப் படிப்பெல்லாம் சாமான் சுற்றி வந்த தாளிலும் சனங்களின் வாயிலும் படித்ததுதான். அதனால் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி நடந்தது. நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த பட்டாம்பூச்சிச் சிறகை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். வரிசையில் பார்த்தால் இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே கடைச் சிறகு. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் நின்றார்கள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் என் கை தானாகப் போய் என் வயிற்றைத் தடவிப் பார்த்தது. ஒரு காலத்தில் அங்கே ஒரு கதவு இருந்தது.

எங்கள் தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம். ஆடி, ஆவணியில் அட்டன், கினிகத்தேனை எல்லாம் மழையில் ஊறிக் கிடக்கும்போது எங்கள் மலைக்கு மழை வராது, காற்றுதான் வரும். உதடு வெடிக்கும், கதவு அடிக்கும், சோற்றில் மண் விழும். பெரியவர்கள் தகரத்தின்மேல் கல் ஏற்றிவைப்பார்கள்.

கல்யாணமான பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பதும், ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போவதும் நம்முடைய வழக்கம். அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் சித்திக்கு எங்கள் காம்பராதான் தாய்வீடு. காம்பரா என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. சித்தி கினிகத்தேனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் ஆடிக்கு அப்பா போய் அழைத்தார், அனுப்பவில்லை. இரண்டாவது ஆடிக்கு யாரும் அழைக்கவில்லை, அவளாகவே வந்தாள்.

கையில் ஒரே ஒரு பை. கோதுமை மா மூட்டைத் துணியை வெட்டித் தைத்தது. அதில் பச்சை நூலால் ஒரு மீன். மீனுக்கு நாலு கால். நாலு காலிலும் சப்பாத்து. எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்த ஆளை நான் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தேன்.

"மீனுக்கு எதுக்கு சித்தி சப்பாத்து?"

"பஸ்ல வரணும்ல. வெறுங்காலோட ஏறினா கண்டக்டர் ஏசுவான்."

அந்த நிமிஷமே நான் அவள் கட்சி. அவள் சுவெட்டரின் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்ததையும் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் யாருக்குத்தான் குளிர் இல்லை?

வந்த மூன்றாம் நாளே இஸ்தோப்பில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிட்டாள். ஒட்டுப்போர்வை. டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம், நானா என்றுதான் கூப்பிடுவோம், அவரிடம் அம்மா போனபோது சித்தியும் போய், வெட்டுத்துண்டு கிடைக்குமா என்று கேட்டாள். நானா மேசைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, "எலிக்குப் போறது மனுசருக்குப் போகட்டும், எடுத்துக்க தங்கச்சி" என்றார். சாரன் ஓரம், திரைச்சீலைத் துண்டு, பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளை, எவளோ ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மிஞ்சிய மிட்டாய் நிறம், எல்லாம் அதில் இருந்தன. போதாததற்கு ஒரு கிழிந்த குடை, பிரித்த சுவெட்டரின் சிவப்புக் கம்பளி நூல், அப்பா வேலை செய்த தேயிலை ஸ்டோரில் உடைந்த பெட்டியிலிருந்து கழித்த வெள்ளித்தாள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்களே, சித்தி கந்தையைக் கசக்கவில்லை, கந்தைக்குக் கண் வைத்தாள், மூக்கு வைத்தாள், வால் வைத்தாள்.

அந்தப் போர்வையில் இருந்தவை எந்த மலையிலும் இல்லாத மிருகங்கள். குடை விரித்த ஆமை. தோகையில் தேங்காய்ச் சிரட்டை தொங்கும் மயில். ஒரு மாடு, அதன் கொம்பு இரண்டும் வளர்ந்து முருங்கை மரமாகிக் காய் காய்த்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கதி சொல்லுவாள். அந்த மாட்டைக் கட்டியிருக்கும் வீட்டில் குழம்பு வைக்க வேறெங்கும் போக வேண்டியதில்லையாம், மாடு தலையைச் சொறிந்தால் காய் விழுமாம். சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் அவள் யாரிடமும் கற்கவில்லை. "ஊசி போற பக்கம் நான் போறேன்" என்பாள். வெயில் விழும் இடத்துக்குத் தகுந்தபடி அவளும் துணியும் இஸ்தோப்பில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கம்பளி நூலின் வாசமும், வெள்ளித்தாளில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளின் வாசமும் சேர்ந்து அவள் மடியில் அடிக்கும். அந்த வாசத்துக்கு இன்னும் பெயர் வைக்கத் தெரியாமல் இருக்கிறேன்.

ஆனால் எல்லா மிருகத்துக்கும் ஒரு பொது அடையாளம் இருந்தது. வயிற்றில் ஒரு சின்னக் கதவு. ஆமைக்கும் கதவு, மயிலுக்கும் கதவு, மாட்டுக்கும் கதவு.

முதலில் அதைக் கவனித்தது பக்கத்துக் காம்பரா பெரியம்மா. நல்ல மனுஷி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி அங்கிருந்துதான் வரும், யாரைப் பற்றிச் செய்தி என்றாலும் அதுவும் அங்கிருந்துதான் வரும். போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வயித்தப் பாத்தியா? எல்லாத்துக்கும் வயித்துல வாசல் வச்சிருக்கா. இது புள்ளத் தாகம்டி. ரெண்டு வருசமாச்சுல்ல, வாய் விட்டுச் சொல்ல வெக்கப்பட்டுத் துணியில சொல்றா."

அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கு இப்போதும் அந்த அழுகையைக் குறை சொல்ல முடியவில்லை. தங்கைக்காக அழுத அழுகை அது. அன்றைக்கு மாலையே பெரியம்மாவும் அம்மாவும் மாரியம்மன் கோயில் மரத்தில் துணித் தொட்டில் கட்டி நேர்ந்துவிட்டு வந்தார்கள். தொட்டிலுக்குத் துணி எது தெரியுமா? சித்தியின் வெட்டுத்துண்டு மூட்டையில் இருந்த மிட்டாய் நிறம். சித்தி மூட்டையைத் துழாவிப் பார்த்துவிட்டு, எங்கே என்று என்னைக் கேட்டாள். தொட்டில் என்று சொன்னேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தவள் நூலைக் கோர்த்து முடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருந்தாள். வந்த வாரத்தில் ஒருநாள் அடுப்படியில் அவளும் அம்மாவும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் கல் விளையாடிக்கொண்டிருந்தேன். சித்தி பேசியது காதில் விழவில்லை. அம்மா சொன்னது மட்டும் விழுந்தது. "அடிக்கிற கைதான்டி அணைக்கும்." பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

பழமொழி என்றால் எனக்கு உயிர், என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒன்றை மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

தொட்டில் கட்டியதும் அப்பாவுக்கு விஷயம் போனது. அப்பா அதிகம் பேசாத ஆள். பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும், குடிக்கிறவனும் திருந்துவான் என்று பெரியம்மா சொல்ல, அம்மா சொல்ல, அவர் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினார். ஆவணி முதல் வாரம் வந்து கூட்டிப்போகச் சொல்லி. அதே வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கைப்பணிக் கண்காட்சியும் வினோத உடைப் போட்டியும் இருந்தன. காற்றுக் காலத்தில் மழைப் பயம் இல்லை என்பதால் எங்கள் பெரிய டீச்சர் எதையும் அந்த மாதத்தில்தான் வைப்பார். சித்தியின் போர்வையையும் பையையும் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். கடிதத்தில் அப்பா அதையும் எழுதினார்: வந்து பார்த்துவிட்டு, அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம்.

சித்திக்கு விஷயத்தைச் சொன்னபோது, "போட்டி முடியட்டும்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப்பிறகு அவள் தைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கத்தான் இந்த வேகம் என்று நான் நினைத்தேன்.

எனக்குத் தைத்த உடுப்பின் பெயர் காத்துத்தின்னி. எங்கள் மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவில் இருக்கும் கணவாயில் குந்தியிருந்து, வருகிற காற்றை வாயால் வாங்கி வாங்கித் தின்னுமாம். அது ஒருநாள் பட்டினி கிடந்தால் லயத்தில் ஒரு தகரம் மிஞ்சாதாம். மா மூட்டைத் துணியில் உடம்பு, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த பழுப்பு நிறம். முதுகெல்லாம் வெள்ளித்தாள் செதில், நடந்தால் சரசரவென்று சத்தம். குடைத் துணியில் இரண்டு காது. சிவப்புக் கம்பளியில் நாக்கு, இடுப்பு வரைக்கும். வயிற்றில் கதவு, ஆனால் இது தையல் கதவு இல்லை, உண்மையாகவே திறக்கிற கதவு. அட்டை வைத்துத் தைத்து, உள்பக்கம் ரவிக்கைக் கொக்கியில் பெரியதாக இரண்டு போட்டிருந்தாள்.

போட்டு அளவு பார்த்தபோது என் கையை உள்ளே விடச் சொல்லிக் கொக்கியை மாட்டக் கற்றுக்கொடுத்தாள். பிறகு தானே வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், நான் ஆடிப்போனேன், கதவு வரவில்லை. சித்தி சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான். எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். போட்டியில் டீச்சர் கேள்வி கேட்பார், பதில் சொன்னால் புள்ளி உண்டு.

போட்டி அன்றைக்குக் காலை பஸ்ஸில் சித்தப்பா வந்தார். உங்களுக்கு ஒரு ராட்சசனைக் காட்ட வேண்டும் என்றால் என்னால் முடியாது. மெலிந்த ஆள், எண்ணெய் வைத்து வாரிய தலை, எனக்கு மாலு பணிஸ், அதுதான் மீன் வைத்த பன், வாங்கி வந்திருந்தார். அம்மா அவருக்கு ஓடி ஓடித் தேத்தண்ணி கொடுத்தாள். சித்தி போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடச் சுவரோரம் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்த்தது. சித்தி ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் ஒரே கூட்டம். சப்பாத்து மீன் பையை மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும் என்று பெரிய டீச்சரே கேட்டார். டவுனிலிருந்து நானாகூட வந்து, தன் கடைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்து, "என்ட மேசைக்கு அடியில இவ்வளவு பேரும் குடியிருந்திருக்காங்களே, தெரியாமப் போச்சே" என்றார். சித்தி மூலையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மைதானத்தில் வினோத உடை வரிசை. லீக்ஸும் கரட்டும் மாலையாகக் கட்டிய மரக்கறி வியாபாரி ஒருவன், குறி சொல்கிறவள் ஒருத்தி, தபால்காரர் ஒருவர், நான். டீச்சர் மைக்கோடு என் முன்னால் வந்தார்.

"இது என்ன மிருகம்?"

"காத்துத்தின்னி டீச்சர்."

சனம் சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வயித்துல என்ன இது?"

"கதவு டீச்சர்."

டீச்சர் விளையாட்டாக இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். சனம் இன்னும் சிரித்தது.

"ஏன் தொறக்க மாட்டேங்குது?"

நான் மனப்பாடம் செய்ததை மைக்கில் சொன்னேன், ஒரு சொல் விடாமல். "உள்ளுக்குக் கொக்கி போட்டிருக்கேன் டீச்சர். நம்ம காம்பராக் கதவு ஒதைச்சாத் தொறந்துக்கும். இது தொறக்காது. இதுக்குள்ள போயிட்டா ஆரும் சித்திய அடிக்க ஏலாது."

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து அணைந்துகொண்டே வந்து மறுபக்கத்தில் நின்றது. மைக்கில் காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், புள்ளி போய்விட்டது என்று பயந்து அம்மாவைத் தேடினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் சித்தி போர்வை மூலையை விடவில்லை. முகம் மட்டும் அதற்குப் பின்னால் போயிருந்தது.

வேலியோரம் சித்தப்பாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள். சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டுக்குச் சொல்லும்ணே" என்றார்.

அப்பா மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தார். மண்டியிட்டு என் வயிற்றுக் கதவைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஸ்டோரில் பெட்டி தூக்கிய கை அது. பிறகு என்னிடம் மெதுவாக, "தொற பாப்பா" என்றார். நான் உள்ளே கையை விட்டுத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை, என் சட்டைதான். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து வேலிக்குத் திரும்பிப் போனார். நான் செதில் சரசரக்கப் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, பன்னெண்டு மணிக்குப் பஸ் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

"ஆவணி பொறந்துருச்சேண்ணே. ஆடிக்கு வந்த பொண்ண அனுப்பணும்ல. ஊரு என்ன சொல்லும்?"

"அழைச்ச பொண்ணத்தான் அனுப்பணும். அதுதான் மொற. நாங்க இவள அழைக்கவே இல்லையே. அவளா வந்தா. போறதா இருந்தாலும் அவளாப் போகட்டும்."

சித்தப்பா குரலை உயர்த்தினார். என்னென்னவோ சொன்னார், பொஞ்சாதி என்றார், போலீஸ் என்றார். அதற்குள் நானா வந்து பக்கத்தில் நின்றார், தபால்காரர் வேஷம் போட்டவனின் அப்பன் வந்து நின்றான், இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். சித்தப்பா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். அவள் போர்வைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. பன்னிரண்டு மணிப் பஸ்ஸில் அவர் போய்விட்டார்.

பரிசு மரக்கறி வியாபாரிக்குக் கிடைத்தது. என்னுடையது இன்ன மிருகம் என்று தெரியாததால் புள்ளி போட வழியில்லையாம். நான் அழுதுகொண்டே மாலு பணிஸைத் தின்று முடித்தேன்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தும் ஊதினாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எங்கிட்டச் சொன்னா. வந்த ஒடனே எங்கிட்டத்தான் சொன்னா. நான் அவளுக்குப் பழமொழி சொன்னேன்."

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். "விடு அக்கா, மாவுல உப்பு போட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அந்த உடுப்பு எங்கே என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட அலுமாரியில் வைத்தார்கள், தேயிலை வாசத்துக்கு எலி வந்து செதிலைக் கொறித்தது. சப்பாத்து மீன் பையைப் பெரிய டீச்சர் மாற்றலாகிப் போகும்போது கொண்டுபோனார். போர்வையை நாங்கள் நாலு பேரும் வருஷக்கணக்காகப் போர்த்தினோம். ஆமை முதலில் கிழிந்தது, மாடு கடைசிவரை நின்றது, பிறகு அதுவும் அடுப்புத் துணியாகிப் போனது. துணிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்குச் சித்தப்பா போய்விட்டால் வயிறு ஓயுமா? தோட்டத்தில் பேர் பதியாமல் ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட முடியாது, சித்தியும் அப்படி இருக்கிறவள் இல்லை. அப்பா தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்து, தோட்டத்து ஆபீசுக்கு நடந்து, மூன்று வாரம் போராடிக் கொழுந்து எடுக்க அனுமதி வாங்கிவிட்டார். முதல் நாள் காலை பெரட்டுக்கு, அதுதான் ஆள் கணக்கெடுத்து மலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்துக்கு, சித்தியோடு அப்பாவும் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி அதுதான் என்று பொய் சொல்லிக்கொண்டு கூடவே போனேன். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா பேர்ப் புத்தகத்தை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, சித்தியின் பெயரை எழுதினார்.

"புருஷன் பேரச் சொல்லு."

அப்பா தொண்டையைச் செருமினார். என்ன சொல்ல வாயெடுத்தாரோ, சித்தி முந்திக்கொண்டாள்.

"என் பேரு மட்டும் போதுங்க ஐயா."

ஐயாவுக்குக் கோபமில்லை, குழப்பம்தான். "இந்தப் பேருல ஏற்கனவே ரெண்டு பேரு இருக்காங்க பிள்ள. புருஷன் பேரு இல்லாம மூணு பேர எப்படிப் பிரிச்சுக் கூப்பிடுறது?"

"நீங்க சும்மா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான்தான்னு நான் சொல்றேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஐயா அப்பாவைப் பார்த்தார். அப்பா மலையைப் பார்த்தார். சரி போ என்று ஐயா புத்தகத்தில் ஒரு கோடு போட்டு, மேலிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சித்தியின் பெயர் வந்தது. கூட்டத்தில் மூன்று தலை நிமிர்ந்தது. மற்ற இரண்டு பேரும் வாய் திறக்கும் முன்னே, கூடைக் கயிற்றைத் தலையில் சரிப்படுத்திக்கொண்டே, மேல் லயம் வரைக்கும் கேட்கும்படி என் சித்தி சொன்னாள்:

"இருக்கேன் ஐயா."